ஞாயிற்றுக்கிழமை ஆலை திறந்திருந்தது

கள்ளக்குறிச்சி
9-1-2026

தங்கமணி அக்காவுக்கு,

ரஜியா எழுதுகிறேன். போனில் என் பெயரைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. மூன்று வருடமாக எடுக்கவில்லை. வெள்ளிமலையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள் என்று நம் ஆலைப் பெண்கள் சொன்னார்கள். அந்த விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

போன நவம்பரிலிருந்து புதுத் தொழிலாளர் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய சட்டங்கள் இருபத்தொன்பதையும் நாலாக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று, வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. இதுவரை கொடுக்காதவர்களுக்கு மூன்று மாதத்துக்குள், அதாவது பிப்ரவரி 21க்குள், கொடுத்துவிட வேண்டும். நம் சிறுதானிய ஆலையில் யாருக்கு என்ன கடிதம் கொடுத்தோம்? நீங்கள் மேஸ்திரியாக இருந்தபோது நோட்டில் ஒரு கோடு போடுவீர்கள். அவ்வளவுதான்.

நான் முன்பு போல இல்லை, அக்கா. சட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து படிக்கிறேன். புரியாததை ஆலோசகர் ராஜாங்கம் சாரிடம் போய்க் கேட்கிறேன். "ஒங்கள மாதிரி ஒரு மொதலாளி இந்த ஜில்லாவுலயே இல்லம்மா" என்று அவர் சிரிப்பார். ஏன் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு விதியைப் படிக்கும்போதும் அது அன்றைக்கே இருந்து நானும் அதன்படி நடந்திருந்தால் பூமாலை எங்கே இருந்திருப்பாள் என்றுதான் மனம் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். யார் எப்போது சேர்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமே என்று பழைய வருகை நோட்டுகளை எல்லாம் ராஜாங்கம் சார் அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். அங்கே டைப் செய்யும் பெண் புதியவள். கடிதங்களைக் கட்டாக அனுப்பினாள். நான் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். ஆலையில் இருப்பது இருபத்திரண்டு பேர். கையெழுத்து இருபத்து மூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். பிறகு பெயர்களைப் பார்த்தேன்.

'திருமதி பூமாலை, க/பெ இருசப்பன். பணி: பாக்கெட் ஒட்டும் இயந்திரம். வார விடுமுறை: ஞாயிறு.'

கீழே என் கையெழுத்து.

அதைக் கிழிக்க என்னால் முடியவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்று முதல் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் யாரோ எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. நேற்று மதியம், கதவைத் திறந்ததும் "வாங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளே யாருமில்லை.

என்ன செய்யட்டும், அக்கா? இதைக் கேட்க உங்களைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

ரஜியா


வெள்ளிமலை
20-1-2026

ரஜியாம்மாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. நாலு நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. இன்றுதான் பிரித்தேன்.

என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். அன்றைக்கும் நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போலீசுக்குக் கொடுக்கும் காகிதத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து போடுங்க்கா" என்றீர்கள். 'ஞாயிறு எங்கள் ஆலை விடுமுறை. பூமாலையை நாங்கள் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் அந்த வண்டியில் எங்கே போனார் என்று எங்களுக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தது. நீங்களும் போட்டீர்கள், நானும் போட்டேன். அவளைப் புதைத்து ஆறு நாள்கூட ஆகவில்லை, "அந்த மெஷின்ல வேற ஆள உக்கார வைங்க, ஆர்டர் நிக்குது" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வந்துவிட்டேன்.

நான் ஏன் வடக்கனந்தலில் சொந்த வீட்டை விட்டுவிட்டு மலையில் வந்து பருப்பு வேக வைக்கிறேன் என்று யோசித்தீர்களா? பூமாலையின் பெண் சந்தியா இந்த விடுதியில்தான் படிக்கிறாள். இப்போது எட்டாம் வகுப்பு. மூன்று வேளையும் என் கையால்தான் அவளுக்குச் சோறு போடுகிறேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவோடு வேலை செய்தவள் என்று மட்டும் நினைக்கிறாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த விபத்தில் இரண்டு பேர் போனார்கள். நாம் வாடகைக்குப் பிடித்த வண்டியில் அவளும் டிரைவர் செல்லமுத்துவும்தான் இருந்தார்கள். செல்லமுத்து கல்யாணம் ஆகாதவன். இருசப்பன் அப்போது ஊரில் இல்லை, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான். ஆலைக்கு லீவு என்று நாம் எழுதிக் கொடுத்தோம். அப்புறம் அவள் எங்கே போனாள் என்று ஊர் கேட்காமல் இருக்குமா? ஊரே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டது. புருஷன் இல்லாத நேரம் பார்த்து டிரைவரோடு ஓடிப்போகும்போதுதான் வண்டி பாறையில் மோதிப் பள்ளத்தில் விழுந்து செத்தாள் என்று.

இருசப்பன் அதை நம்பிவிட்டான். அவளுக்குக் கருமாதி செய்யவில்லை. அவர்கள் நிலத்தில் புதைக்கவும் விடவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கிடக்கிறாள். போன மாதம் விடுதியில் ஒரு பெண் சண்டையில் சந்தியாவைப் பார்த்து, "ஒங்கம்மா ஓடிப் போனவதானே?" என்றாள். சந்தியா அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் அறையில் உட்கார்ந்திருப்பவள் எதற்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று இப்போது தெரிகிறதா?

தங்கமணி


கள்ளக்குறிச்சி
27-1-2026

அக்கா,

எனக்கு இது தெரியாது. அல்லா மேல் ஆணையாகத் தெரியாது. வேலைக்கு வரும் மலைப் பெண்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நேற்று அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அதான் எல்லாருக்கும் தெரியுமே மேடம்" என்றாள். அவளும் அதை நம்புகிறாள். என்னோடு வேலை செய்பவளே நம்புகிறாள்.

நான் ஏன் அப்படி எழுதச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை என் கையால் எழுதிவிடுகிறேன். சென்னைக் கடைக்குத் திங்கட்கிழமை சாமை அரிசி போய்ச் சேர வேண்டும். பாக்கெட் ஒட்டும் மெஷினைச் சரியாக ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பத்துப் பேருக்குக் குறைவாகத்தான் ஆள் வைத்திருக்கிறோம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆய்வுக்கு வருவார்கள் என்று வேறு தகவல் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடியது என்று தெரிந்தால் எல்லாமே வெளியே வந்துவிடும். பயந்தேன். செத்தவளுக்கு இனி என்ன வந்துவிடப் போகிறது என்றும் நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ராஜாங்கம் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"புதுச் சட்டத்துல ஒண்ணு இருக்கும்மா. வூட்லருந்து வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாலும் அது வேலையில அடிபட்ட மாதிரிதான். ஆனா அது பழைய விபத்துக்குச் செல்லாது" என்றார்.

"அப்போ பழைய சட்டப்படி நான் தப்பிச்சிட்டேனா சார்?"

"வண்டிய அனுப்புனது நீங்க. பழைய சட்டத்துலயும் பதில் சொல்லித்தான் ஆவணும். போலீஸ்ல வேற பொய் எழுதிக் குடுத்துக்கீறீங்க. எல்லாரும் மறந்துட்டாங்க. இன்னாத்துக்கு நீங்களே போய் நோண்டிக்கினு? இருபத்திரண்டு பொம்பளைங்க பொழப்பு இருக்குது, அதப் பாருங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது இல்லையா, அக்கா? ஆலைக்கு சீல் வைத்தால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? சந்தியாவின் படிப்பு முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். காலேஜ் வரைக்கும். யாருக்கும் தெரிய வேண்டாம். உங்கள் மூலமாகவே செய்யலாம்.

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. நான் கேட்பது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ரஜியா


வெள்ளிமலை
3-2-2026

ரஜியாம்மா,

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் படிப்பு கொடுக்க வேண்டாம். அவள் நன்றாகத்தான் படிக்கிறாள். அவள் அம்மாவைக் கொடுங்கள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கும் வாய் இல்லை. யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் லீவு. மதியம் பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வரணும் என்றேன். முடியாது என்றாள். "ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் பாப்பாவுக்கு எங்கூட இருக்க நேரம் கெடைக்குதுக்கா. மீன் கொழம்பு வெச்சித் தரேன்னு சொல்லிக்கீறேன்" என்றாள். நான் விடவில்லை. "நாளைக்கு வரலன்னா திங்கக்கெழமயும் வராத" என்றேன். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

நீங்கள் சொல்லச் சொன்னது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடுகிறது என்று வெளியே தெரியக்கூடாது, வீட்டிலும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அதையும் சொன்னேன். சொன்னபடியே செய்தாள். பெண்ணிடம், "வெறவுக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பத்து வயசுப் பெண் அதைத்தான் போலீசிடம் சொன்னது, அப்பாவிடமும் சொன்னது. விறகுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு டிரைவரோடு போனவள் என்று ஊரார் முடிவு கட்ட அந்த ஒரு வார்த்தை போதாதா?

ஞாயிறு காலை நான் வடக்கனந்தல் ரோட்டில் வண்டிக்காக நின்றேன். ஐப்பசி மழை. ஏழு மணிக்கு வர வேண்டிய வண்டி. செல்லமுத்து திருப்பத்திலேயே மூன்று முறை ஹாரன் அடிப்பான். ஒன்பது மணி வரைக்கும் நனைந்துகொண்டு நின்றேன். அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், வராமல் ஏமாற்றிவிட்டாள் என்று. அந்த நேரம் அவள் கோமுகி அணைக்கு மேலே பள்ளத்தில் கிடந்தாள்.

இப்போதும் காலை ஏழு மணிக்கு ஹாரன் கேட்கிறது. மூன்று முறை. விடுதிக் கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கூட வேலை செய்கிறவள் "இன்னாக்கா தெனமும் எட்டிப் பாக்குற?" என்று கேட்பாள். பால் வண்டி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அது போகட்டும். பெரியாஸ்பத்திரியில் பிணவறை வாசலில் இருசப்பன் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கரும்புச் சோகை கிழித்த கை. "அக்கா, நீ சொல்லு. இன்னிக்கி வேல இருந்துச்சா?" என்றான். நான் சொல்லும் ஒரு வார்த்தைக்காக அவன் நின்றான். "இல்ல" என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்கிறேன். ஆனால் மூன்று வருடம் கழித்து நான் போய்ச் சொன்னால் பெண்ணின் மேல் பரிதாபப்பட்டுக் கதை கட்டுகிறாள் என்பார்கள். ஊர் நம்ப வேண்டுமென்றால் முதலாளி சொல்ல வேண்டும். எழுத்தில் கொடுத்த பொய்க்கு எழுத்தில்தான் பதில் கொடுக்க வேண்டும்.

தங்கமணி


கள்ளக்குறிச்சி
23-2-2026

அக்கா,

என் போஸ்ட்கார்டு வரும் வரை நான் பின்வாங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு முறை பின்வாங்கினேன். தொழிலாளர் அலுவலகப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டு ஆட்டோ ஏறித் திரும்பினேன்.

பிப்ரவரி 19ஆம் தேதி, முதல் நோன்பு அன்று, மூன்றாவது முறையாகப் போனேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பூமாலை நாலு வருடம் என்னிடம் வேலை பார்த்தார். 2022 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை ஆலை திறந்திருந்தது. நான் அனுப்பிய வண்டியில், நான் கூப்பிட்ட வேலைக்குத்தான் வந்தார். காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். அதிகாரி இரண்டு முறை படித்தார். "யாராவது கேஸ் போட்டிருக்காங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ இப்ப எதுக்கு?" என்றார்.  கண்ணீர் மட்டும் வந்தது. அவர் மணியை அடித்து முத்திரை வைத்துக் கொடுக்கச் சொன்னார். பிறகு காவல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுத்தேன். விசாரணை வரும். வரட்டும்.

மறுநாள் ஆலையில் இருபத்திரண்டு பேருக்கும் கடிதம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து இதைச் சொன்னேன். அந்தப் பெண்களில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். "பாவி, நாங்களும் பேசினோமே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்தேன். நீங்கள் கரியாலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லிப் போஸ்ட்கார்டு போட்டிருந்தேன். முக்கால் மணி நேரம் நின்றேன். நீங்கள் வரவில்லை. கோபமில்லை, அக்கா. நானும் படிக்கட்டிலிருந்து திரும்பினவள்தானே. இருசப்பன் ஊருக்கு வழி கேட்டு நானே நடந்தேன்.

இருசப்பன் கூரை வேய்ந்துகொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். இறங்கி வந்தார். அவர் அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் நோன்பு என்றேன். வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சொம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

சொன்னேன். அலுவலக முத்திரை வைத்த காகிதத்தையும் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க எங்கிட்ட சொன்னா ஆவுமா? வா" என்றார்.

என்னைக் கோயில் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டார். முப்பது நாற்பது பேர் வந்தார்கள். "இப்ப சொல்லு" என்றார்.

"பூமாலை எங்கிட்ட வேலை பாத்தாங்க. அன்னிக்கி ஆலை திறந்திருந்தது. நான்தான் வரச் சொன்னேன். வேலைக்கு வர்ற வழியிலதான் எறந்தாங்க. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

 "கேக்கல. இன்னொரு வாட்டி" என்றார் இருசப்பன். சொன்னேன். "இன்னொரு வாட்டி" என்றார். மூன்றாவது முறையும் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நெஞ்சில் குத்திக்கொண்டார். "நானே அவள ஓடைக்கு அந்தாண்ட போட்டேனே, நானே போட்டேனே" என்று அவர் கத்தியது பஸ்ஸில் திரும்பும்போதும் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

நான் கிளம்பும்போது ஒன்று கேட்டார். "தங்கமணி எங்கிட்ட வேல இல்லன்னு சொன்னாளே. தெரிஞ்சிதான் சொன்னாளா?"

நான் பொய் சொல்லவில்லை, அக்கா. இனி என்னால் முடியாது.

"எம்பொண்ணு அவ கையாலதான் சோறு தின்னுது" என்றார். உங்களைப் பார்க்க வருவார். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

பூமாலையின் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ரஜியா


வெள்ளிமலை
8-3-2026

ரஜியாம்மாவுக்கு,

கரியாலூருக்கு நான் வந்தேன். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். டீக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் நடந்து போன பிறகுதான் வெளியே வந்தேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இருசப்பன் வந்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வார்டனிடம் சொல்லிச் சந்தியாவைக் கூப்பிட்டான். என்னையும் பார்த்து, "நீயும் வா" என்றான். மூன்று பேரும் ஓடைக்கு நடந்தோம். இரண்டு மணி நேர நடை. 

அந்த இடத்தில் முள் மண்டிக் கிடந்தது. அவன் கொடுவாளால் வெட்டி ஒதுக்கினான். மேடு தெரிந்ததும் தள்ளி நின்றான். "எங்கிட்ட சொல்லாத. அவகிட்ட சொல்லு" என்றான்.

நான் உட்கார்ந்தேன். மண்ணைத் தொட்டேன். "பூமாலை, அன்னிக்கி வேல இருந்துச்சி. நான்தான் கூப்ட்டேன். நான்தான் மெரட்டினேன். வேல இல்லன்னு சொன்னவளும் நான்தான்" என்றேன். 

சந்தியா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா ஏன் வெறவுக்குப் போறேன்னு எங்கிட்ட பொய் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்."

"வரமாட்டேன்னு சொல்லலையா?"

"சொன்னா. ஒனக்கு மீன் கொழம்பு வைக்கணும்னு சொன்னா."

அப்போதுதான் அழுதாள். மூன்று வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் கையை நீட்டினேன். அவள் அப்பாவிடம் போய்விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை கருமாதி செய்தார்கள். ஊரே வந்ததாம். செல்லமுத்துவின் அம்மாவையும் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை.

சந்தியா இப்போது என் வரிசையில் வருவதில்லை. இன்னொரு சமையல்காரம்மா நிற்கும் பக்கம் தட்டை நீட்டுகிறாள். நல்லதுதான். பசியோடு போய்ப் படுப்பதில்லை, அது போதும். நேற்று முன்பு சண்டை போட்ட அதே பெண் அவளை ஏதோ சொல்ல வந்தபோது, "எங்கம்மா வேலைக்குப் போற வழியிலதான் செத்தாங்க" என்று நிமிர்ந்து சொன்னாளாம். வார்டன் சொன்னார்.

ஹாரன் நின்றுவிட்டதா என்று நீங்கள் நினைக்கலாம். நிற்கவில்லை. ஆனால் இப்போது கேட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று மூன்று முறையும் கேட்டு முடிக்கிறேன்.

எனக்கும் விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. பதினேழாம் தேதி பதினோரு மணிக்குக் கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும் அதே நாள்தான் போட்டிருப்பார்கள். ஆலையைக் கொஞ்ச நாள் மூடச் சொன்னால் அந்தப் பெண்களுக்கு என்ன வழி என்று இப்போதே யோசித்து வையுங்கள். என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லப் போகிறேன். மிரட்டியதையும் சேர்த்து.

முதல் பஸ்ஸில் நானே வந்துவிடுவேன். எனக்கு வண்டி அனுப்ப வேண்டாம்.

தங்கமணி